பனிக்கடலுக்கு நம்மை விடுவார்களா?

கம்போங் மேடானில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் இலவசமாக நடத்தும் பாட வகுப்பில், ஒரு நாள் அறிவியல் நூலில் பென்குயின் படம் வந்தது. பாடத்தைச் சற்றே நிறுத்திவிட்டு, அண்டார்டிகாவுக்குக் கப்பலில் சுற்றுப்பயணிகள் போய் வருகிறார்கள் என்று சொன்னேன். நான்காம் படிவ மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

“அக்கா, அங்க நம்மளெல்லாம் விடுவாங்களா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அந்தக் கேள்வி உறுத்தத் தொடங்கியது. எவ்வளவு செலவாகும் என்று அவன் கேட்டிருக்கலாம். எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கலாம். விடுவார்களா என்றல்லவா கேட்டான்! 2001 மார்ச் மாதத்தில் நடந்த இன மோதலில் ஆறு உயிர்கள் பறிபோனதால்தான் நாடு முழுவதும் எங்கள் குடியிருப்பின் பெயரை அறிந்துகொண்டது. அப்படிப்பட்ட இடத்தில் வளரும் பிள்ளைகள், உலகத்தின் கதவுகளைப் பார்க்கும்போது முதலில் காவலாளியைத்தான் தேடுகிறார்கள் போலும்.

அவனுக்கு முழுமையான பதில் தர வேண்டும் என்று படிக்கத் தொடங்கினேன். நான் இன்னும் துருவப் பகுதிக்குப் போனதில்லை. படித்தறிந்ததையும் விசாரித்தறிந்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

யாருடைய நிலம்?

அண்டார்டிகாவின் பரப்பளவு ஏறக்குறைய 14 மில்லியன் சதுரக் கிலோமீட்டர். நம் மலேசியாவைப் போல் நாற்பது மடங்குக்கும் மேல். அங்கே பூர்வகுடி மக்கள் என்று எவரும் இல்லை. அர்ஜெண்டினா, ஆஸ்திரேலியா, சிலி, பிரான்சு, நியூசிலாந்து, நோர்வே, பிரிட்டன் ஆகிய ஏழு நாடுகள் அதன் பகுதிகளுக்கு உரிமை கோரி வந்துள்ளன. 1959ஆம் ஆண்டில் 12 நாடுகள் கையெழுத்திட்டு, 1961இல் நடப்புக்கு வந்த அண்டார்டிக் ஒப்பந்தம் இந்த உரிமைக் கோரிக்கைகளை அப்படியே நிறுத்தி வைத்தது. அந்த நிலம் அமைதிக்கும் அறிவியலுக்கும் மட்டுமே பயன்பட வேண்டும் என்றும் வரையறுத்தது. 1991இல் கையெழுத்தான சுற்றுச்சூழல் உடன்படிக்கை அங்கே கனிமங்களைத் தோண்டி எடுப்பதற்குத் தடை விதித்தது.

இதில் மலேசியாவுக்கு என்ன பங்கு? பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1982 செப்டம்பரில் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபையில் உரையாற்றிய அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது, அண்டார்டிகா சில நாடுகளுக்கு மட்டும் சொந்தமாக இருக்கலாகாது, அது மனித குலம் முழுமைக்கும் உரியது என்னும் வாதத்தை முன்வைத்தார். அடுத்த ஆண்டே மலேசியாவும் அந்திகுவா பார்புடாவும் கேட்டுக்கொண்டதன் பேரில் ‘அண்டார்டிகா பிரச்சினை’ பொதுச்சபையின் நிகழ்ச்சிநிரலில் இடம்பெற்றது. ஒப்பந்த நாடுகளை ‘பணக்கார நாடுகளின் மன்றம்’ என்ற கோணத்தில் பல ஆண்டுகள் விமர்சித்த நம் நாடு, பின்னர் 2011 அக்டோபர் 31ஆம் நாள் அதே ஒப்பந்தத்தில் இணைந்தது.

ஆக, அந்த மாணவனின் கேள்வியை இந்த நாடு அவன் பிறப்பதற்கு முன்பே உலக அரங்கில் கேட்டுவிட்டது. அங்கே கால் வைக்க எந்த இனத்தவருக்கும் எந்த நாட்டவருக்கும் தடை இல்லை. ஆனால் எப்படிப் போகிறோம், போய் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதற்குத்தான் கடுமையான விதிகள் உண்டு.

ஏன் சிறிய கப்பல்?

உல்லாசக் கப்பல் என்றதும், பல்லாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு, நீச்சல் குளமும் கடைத்தெருவுமாகக் கிள்ளான் துறைமுகத்திற்கு வந்து போகும் மிதக்கும் மாளிகைகள்தாம் நம் நினைவுக்கு வரும். துருவப் பயணக் கப்பல் வேறு வகை. பெரும்பாலும் நூறு முதல் இருநூறு பயணிகளையே ஏற்றிச் செல்லும். பனிக்கட்டியின் உரசலைத் தாங்கும்படி அதன் அடிப்பகுதி வலுவூட்டப்பட்டிருக்கும். கரை இறங்க ரப்பர் படகுகள் இருக்கும். பயணிகளை வழிநடத்தப் பறவை, திமிங்கிலம், பனி, வரலாறு எனத் துறைவாரியாக அறிந்த ஆய்வாளர் குழு ஒன்றும் உடன் வரும்.

இந்த வகைப் பயணத்தைத் தொடங்கி வைத்தவர் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்னும் பயண ஏற்பாட்டாளர். 1966இல் பொதுமக்களில் ஒரு குழுவை அண்டார்டிகாவுக்கு அழைத்துச் சென்ற அவர், 1969இல் இதற்கென்றே ஒரு சிறிய கப்பலைக் கட்டுவித்தார். இயற்கையைக் கண்ணால் கண்டவர்களே அதைக் காக்க முன்வருவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

1991இல் ஏழு நிறுவனங்கள் கூடி அனைத்துலக அண்டார்டிகாப் பயண நடத்துநர் சங்கத்தை அமைத்தன. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் இருக்கக்கூடாது என்பதும், ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல்கள் பயணிகளைக் கரை இறக்கவே கூடாது என்பதும் அதன் முக்கிய விதிகள். பெரிய கப்பலில் போகிறவர் அண்டார்டிகாவைக் கப்பலிலிருந்தபடி பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இருநூறு பேர் கொண்ட கப்பலிலும் பயணிகள் முறை வைத்துத்தான் இறங்குவர். எனவே ஆள் குறையக் குறைய, தரையில் நிற்கும் நேரம் கூடும். சிறிய கப்பலுக்கு மதிப்பு அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வழியும் காலமும்

பெரும்பாலான அண்டார்டிகாப் பயணங்கள் அர்ஜெண்டினாவின் தென்கோடியில் உள்ள உசுவாயா நகரிலிருந்து புறப்படுகின்றன. கோலாலம்பூரிலிருந்து அங்கே போக விமானம் மாறி மாறிச் செல்ல வேண்டும். காத்திருப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு நாள்கள் ஆகிவிடும். பயணக் காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. நாம் இங்கே வடகிழக்குப் பருவமழையில் நனையும் மாதங்கள்தாம் அங்கே கோடை.

உசுவாயாவிலிருந்து கப்பல் டிரேக் நீரிணையைக் கடக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள்கள் பிடிக்கும். பூமியைச் சுற்றி வீசும் மேற்குக் காற்றைத் தடுக்க அந்த அட்சரேகைகளில் நிலமே இல்லை. அதனால் அலைகள் தடையின்றி உருண்டு வருகின்றன. சில நாள்களில் கடல் குளம்போல் கிடக்கும். சில நாள்களில் சாப்பாட்டு மேசையில் தட்டு நிற்காது. கடல் மயக்கத்திற்கான மாத்திரையை எடுத்துச் செல்லாமல் எவரும் ஏறுவதில்லை. இந்தக் கடலைத் தவிர்க்க விரும்புவோர், சிலியின் புந்தா அரினாசு நகரிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம் விமானத்தில் பறந்து, அண்டார்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவில் கப்பலேறுவதும் உண்டு. அதற்குச் செலவு கூடும்.

இதைப் படித்தபோது என் பாட்டி நினைவுக்கு வந்தார். எங்கள் வீட்டில் கப்பல் என்றால் ரஜூலாதான். 1926இல் கட்டப்பட்டு, தமிழ்நாட்டுத் துறைமுகங்களுக்கும் மலாயாவுக்கும் இடையே 1970களின் தொடக்கம்வரை ஓடிய அந்தக் கப்பலின் மேல்தளத்தில், பத்து வயதுச் சிறுமியாக வந்திறங்கியவர் அவர். வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்த நாள்களைப் பற்றிப் பலமுறை சொல்லியிருக்கிறார். நீண்ட கடல் பயணம் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. வேடிக்கை பார்ப்பதற்காகக் கடலேறுவதுதான் நமக்குப் புதிது.

அங்கே ஒரு நாள்

கரை இறங்குவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். பயணிகள் தங்கள் மேலாடை, பை, கால்சட்டை மடிப்பு ஆகியவற்றை எல்லாம் தூசு உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்ய வேண்டும். நம் தோட்டத்துப் புல்விதை ஒன்று அங்கே விழுந்து முளைத்துவிடக் கூடாது அல்லவா? காலணிகளைக் கிருமிநாசினிக் கரைசலில் கழுவிய பிறகே படகில் ஏறலாம், திரும்பும்போதும் அப்படியே. பாட்டி காலத்தில் வந்திறங்கிய தொழிலாளர்களை முகாமில் அடைத்து வைத்து நோய் சோதித்தார்கள். இங்கே காசு கொடுத்து வருகிறவர்களையும் ஏழை பணக்காரர் பாராமல் சோதிக்கிறார்கள்.

ஏறக்குறைய பத்துப் பேர் அமரும் ரப்பர் படகு கரையை நெருங்கும். பல நேரங்களில் துறைமேடை இருக்காது. முழங்கால் அளவு நீரில் இறங்கி நடக்க வேண்டியதுதான். கோடையில் அந்தக் கடலோரத்தில் வெப்பநிலை பெரும்பாலும் 0 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். குளிரைவிடக் காற்றும் ஈரமும்தான் வாட்டும். ஒரே தடித்த ஆடையைவிட, அடுக்கடுக்காக அணிவதே நல்லது.

கரையில் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் பல. பென்குயினிடமிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அது நடக்கும் பாதையை மறிக்கக்கூடாது. ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்து வரக்கூடாது. எதையும் உண்ணக்கூடாது. இயற்கை உபாதைக்கும் கப்பலுக்குத்தான் திரும்ப வேண்டும். 2023 அக்டோபரில் தென் ஜார்ஜியாவிலும் 2024 பிப்ரவரியில் அண்டார்டிகாப் பெருநிலத்திலும் பறவைக் காய்ச்சல் உறுதிப்படுத்தப்பட்டதையொட்டி, தரையில் உட்காரவோ மண்டியிடவோ படுக்கவோ வேண்டாம் என்றும் பயணிகளுக்குக் கூறுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கரை இறங்குவது உறுதியில்லை. காற்று திரும்பினால் திட்டம் மாறும். பனிக்கட்டி வாயிலை அடைத்தால் வேறு விரிகுடா தேட வேண்டும். நாள்தோறும் இரவில், மறுநாள் என்ன செய்யலாம் என்று குழுத்தலைவர் விளக்குவார். அது திட்டந்தான், வாக்குறுதி அன்று. காசு கொடுத்தோம், காட்டியே ஆக வேண்டும் என்னும் மனநிலையோடு போகிறவர் ஏமாந்து திரும்புவார்.

எதைக் காணலாம்?

முதலில் ஒரு பொதுத் தவறு. பென்குயினும் பனிக்கரடியும் ஒன்றாக நிற்கும் படங்களை நாம் பார்த்திருப்போம். உண்மையில் அவை சந்தித்துக்கொள்வதே இல்லை. பனிக்கரடி வடதுருவத்திற்குரியது. பனி சூழ்ந்த நிலத்தில் பென்குயின்களைப் பார்க்கத் தென்துருவத்திற்குத்தான் போக வேண்டும்.

அண்டார்டிகாத் தீபகற்பத்தில் பெரும்பாலும் காணப்படுபவை ஜெண்டு, அடேலி, தாடைப்பட்டைப் பென்குயின்கள். ஜெண்டுவும் அடேலியும் கூழாங்கற்களால் கூடு கட்டும். நல்ல கல் கிடைப்பது அரிது என்பதால் பக்கத்துக் கூட்டிலிருந்து திருடுவதும் உண்டு. திரைப்படங்களில் நாம் காணும் பேரரசப் பென்குயின் உறைகடலின் மேல் இனப்பெருக்கம் செய்வது. வழக்கமான பயணத்தில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

இந்த வாழ்க்கை முழுவதையும் தாங்குவது கிரில் எனப்படும் சிற்றுயிர். ஆறு சென்டிமீட்டர் வரை வளரும். பெலாச்சான் செய்யப் பயன்படும் கூனி இறாலை நினைத்துக்கொள்ளுங்கள். இனம் வேறென்றாலும் தோற்றம் ஏறக்குறைய அதுதான். பென்குயின், கடல்நாய், கூனல் முதுகுத் திமிங்கிலம் எல்லாம் இதை உண்டுதான் வாழ்கின்றன. கிரில் குஞ்சுகள் குளிர்காலத்தில் உறைகடலின் அடிப்பகுதியில் வளரும் பாசியை மேய்ந்து பிழைக்கின்றன. எனவே பனி குறைந்தால் கிரில் குறையும். கிரில் குறைந்தால் மேலே உள்ள அனைத்தும் ஆட்டம் காணும்.

இனி, பனி. நாம் எல்லாவற்றையும் ‘பனி’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். கடல்நீரே உறைந்து மிதப்பது கடற்பனி. உப்பு கலந்திருப்பதால் அது சுமார் கழித்தல் 1.8 பாகையில்தான் உறையும். நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்த வெண்பனி இறுகி மெல்ல நகர்வது பனியாறு. அது கடலுக்குள் நீண்டு மிதப்பது பனித்தட்டு. அதிலிருந்து உடைந்து விழுவது பனிப்பாறை. நம் கண்ணுக்குத் தெரிவது அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே, மீதி நீருக்கடியில். சில பாறைகள் ஆழ்ந்த நீல நிறத்தில் ஒளிரும். மேலே சேர்ந்த எடையால் உள்ளிருந்த காற்றுக்குமிழிகள் நசுங்கி மறைய, ஒளி பனிக்குள் நெடுந்தூரம் ஊடுருவும். அப்போது சிவப்பு நிறம் உறிஞ்சப்பட்டு, நீலம் வெளியே வருகிறது.

அந்தப் பனி நிலையாக இல்லை. 2002ஆம் ஆண்டில் லார்சன் பி என்னும் பனித்தட்டிலிருந்து ஏறக்குறைய 3,250 சதுரக் கிலோமீட்டர் பகுதி சில வாரங்களில் நொறுங்கிப் போனது. பதின்மூன்று கோலாலம்பூர் நகரங்களை அடுக்கி வைத்தாற்போன்ற பரப்பு அது. 2023 பிப்ரவரியில் அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடற்பனி, துணைக்கோள் பதிவுகள் தொடங்கியதிலிருந்து காணாத அளவுக்குச் சுருங்கி, 1.79 மில்லியன் சதுரக் கிலோமீட்டரைத் தொட்டது.

வடக்கே போனால்

பனிக்கரடியைப் பார்க்க விரும்புவோர் நோர்வேயின் சுவால்பார்டு தீவுக்கூட்டத்திற்குச் செல்கின்றனர். ஓஸ்லோவிலிருந்து சுமார் மூன்று மணி நேர விமானப் பயணத்தில் லாங்கியர்பியன் ஊரை அடையலாம். அங்கிருந்து கோடை மாதங்களில் சிறிய கப்பல்கள் தீவுகளைச் சுற்றிப் புறப்படுகின்றன. அதே தீவுக்கூட்டத்தில்தான் இந்தியா 2008இல் ஹிமாத்ரி என்னும் ஆய்வு நிலையத்தைத் திறந்தது.

இங்கும் விதிகள் இறுகி வருகின்றன. 2025 ஜனவரி 1 முதல், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் இருநூறு பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல்களுக்கு அனுமதி இல்லை. பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் இறுதிவரை அது 500 மீட்டர். நல்ல தொலைநோக்கியே இனி உற்ற துணை.

செலவும் ஆபத்தும்

இங்கேதான் உண்மையான வாயிற்காவலர் நிற்கிறார். பத்துப் பதினொரு நாள் அண்டார்டிகாப் பயணத்தின் கப்பல் கட்டணம் பொதுவாக 6,000 அமெரிக்க டாலர் அளவில் தொடங்கி, அறைக்கேற்ப 15,000 டாலரையும் தாண்டும். விமானக் கட்டணம், காப்புறுதி, உடை எல்லாம் தனி. மிகச் சிக்கனமாகப் போனாலும் 35,000 ரிங்கிட்டுக்குக் குறையாது என்பது என் கணக்கு. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதை வாங்கும் ஒருவர், ஒரு வேளைச் சோற்றுக்கும் செலவிடாமல் இருபத்தொரு மாதங்கள் முழுச் சம்பளத்தையும் எடுத்து வைத்தால் இந்தத் தொகை சேரும். மனித குலத்துக்கே உரிய நிலந்தான். ஆனால் பயணச்சீட்டு மனித குலத்துக்கே உரியதாக இல்லை.

ஆபத்தும் உண்டு. லிண்ட்பிளாட் 1969இல் கட்டுவித்த அதே கப்பல், பின்னாளில் எக்ஸ்புளோரர் என்ற பெயரில் ஓடியபோது, 2007 நவம்பர் 23ஆம் நாள் தென் ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே பனியில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் குளிரில் மணிக்கணக்காகக் காத்திருந்து, வேறொரு பயணிகள் கப்பலால் மீட்கப்பட்டார்கள். எல்லாரும் பிழைத்ததற்கு அன்று கடல் ஓரளவு அமைதியாக இருந்ததும், உதவிக் கப்பல் எட்டும் தூரத்தில் இருந்ததும் காரணங்கள். துருவக் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கான அனைத்துலக விதித்தொகுப்பு 2017 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தது. கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் பெரிய மருத்துவமனை கடலுக்கு அப்பால் இருக்கிறது. அவசர மீட்புச் செலவை ஏற்கும் காப்புறுதி இல்லாமல் எந்த நிறுவனமும் பொதுவாக ஏற்றிக்கொள்வதில்லை.

போகலாமா, கூடாதா?

1990களின் தொடக்கத்தில் ஒரு பருவத்திற்குச் சில ஆயிரம் பேரே அண்டார்டிகாவுக்குச் சென்றனர். 2023-24 பருவத்தில் அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியது. கப்பல் புகையிலிருந்து விழும் கரித்துகள் வெண்பனியைக் கருக்கச் செய்கிறது. கருத்த பனி விரைவாக உருகும். ஒவ்வொரு சுற்றுப்பயணியின் வருகையும் ஏறக்குறைய 83 டன் வெண்பனியை விரைந்து உருகச் செய்வதாக 2022இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

அப்படியென்றால் எவரும் போகாமல் இருப்பதே நல்லதா? ‘நாங்கள் பார்த்துவிட்டோம், நீங்கள் இனி வர வேண்டாம்’ என்று முன்னே போனவர்கள் சொன்னால் அதை நம்மால் ஏற்க முடியாது. அதே வேளையில், நமக்கும் உரிமை உண்டு என்பதற்காக அழிவில் நம் பங்கையும் போட்டே தீருவோம் என்பதும் அறிவுடைமையாகாது. என் கருத்து இதுதான்: படமெடுத்துப் பெருமைப்பட மட்டும் என்றால் போக வேண்டாம். கற்றுக்கொள்ளவும் கற்றதைத் திரும்ப வந்து பத்துப் பேருக்குச் சொல்லவும் என்றால், வாழ்வில் ஒருமுறை, ஆள் குறைந்த கப்பலில், விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் நிறுவனத்தோடு போகலாம். முன்பதிவு செய்வதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை பயணிகள்? எத்தனை முறை கரை இறக்குவீர்கள்? வழிகாட்டிகளுள் ஆய்வாளர்கள் எத்தனை பேர்? நடத்துநர் சங்கத்தில் உறுப்பியம் உண்டா? பதிலில் மழுப்பல் இருந்தால் விலகிவிடலாம்.

இன்னொரு வாசல்

பணம் இல்லாதவருக்கு வழியே இல்லையா? உண்டு. அது கம்போங் மேடானிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

மலேசியாவின் அண்டார்டிகா ஆய்வுத் திட்டம் 1990களின் இறுதியில் தொடங்கியது. 2002இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அண்டார்டிகா ஆய்வு மையம் அமைக்கப்பட்டது. 2012இல் சுல்தான் மிசான் அண்டார்டிகா ஆய்வு அறவாரியம் உருவாகி, ஆய்வாளர்களுக்கு நிதியுதவி வழங்கி வருகிறது. நம் நாட்டுக்கு அங்கே சொந்த நிலையம் இல்லை. நம் ஆய்வாளர்கள் மற்ற நாடுகளின் நிலையங்களிலும் கப்பல்களிலும் கூட்டாகப் பணியாற்றுகிறார்கள். நுண்ணுயிர், பாசி, வானிலை, வளிமண்டலம் எனப் பல துறைகளில் நம்மவர் ஆய்வு செய்திருக்கிறார்கள். வெப்பமண்டல நாட்டுக்குத் துருவம் எதற்கு என்று கேட்போர் உண்டு. துருவப் பனி உருகினால் உயரும் கடல், கிள்ளான் கரையையும் விட்டு வைக்காது.

இந்த வாசலுக்குக் கட்டணம் ரிங்கிட்டில் இல்லை. உயிரியல், இயற்பியல், புவியியல், கடலியல், பொறியியல் ஆகியவற்றில் ஒன்றை ஊன்றிப் படிக்க வேண்டும். நம் மாணவர்களில் பலர் மருத்துவம், சட்டம் என்ற இரண்டு கதவுகளை மட்டுமே தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடிப்படை அறிவியலை எடுத்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் குறை கூறவில்லை. என் வீட்டிலும் அது இருந்தது. ஆனால் 1997 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாக மலேசியக் கொடியை ஏற்றிய மகேந்திரனும் மோகனதாசும் நம்மவர்களே. அவர்களும் முதலில் அஞ்சியிருப்பார்கள். பிறகு பயிற்சியைத் தொடங்கியிருப்பார்கள்.

நம்மைத் தேடி வரும் துருவம்

இறுதியாக, ஒரு காசும் செலவில்லாமல் துருவ உயிரினத்தைப் பார்க்கும் வழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, கிள்ளானுக்கு வடக்கே காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர் கரைகளின் சேற்றுநிலத்தில் ஆயிரக்கணக்கான கரைப்பறவைகள் மேய்வதைக் காணலாம். கீழ்நோக்கி வளைந்த அலகுடைய ஒருவகை உள்ளான், சைபீரியாவின் ஆர்க்டிக் சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. பசிபிக் பொன்னிற உப்புக்கொத்தியும் அப்படியே. அது சேற்றுக்கரையோடு நிற்பதில்லை. புல் குட்டையாக வெட்டப்பட்ட திடல்களிலும் இறங்கி மேயும். பனி விலகிய வடதுருவச் சமவெளியில் பிறந்த பறவை, நாம் பந்தாடும் திடலில் புழு தேடிக்கொண்டிருக்கும். நாம்தான் அதைச் சாதாரணக் குருவி என்று கடந்து போகிறோம்.

சென்ற பிப்ரவரியில் எங்கள் வகுப்புப் பிள்ளைகளை வாடகை வேனில் ஜெராம் கரைக்கு அழைத்துச் சென்றோம். இரவல் வாங்கிய தொலைநோக்கி ஒன்றே ஒன்று. அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அந்த மாணவன் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. “இது அங்கேருந்தா வருது அக்கா?” என்று மட்டும் கேட்டான்.

நம் தமிழ்ப் பேரவை அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் எத்தனையோ கலை இரவுகளை நடத்துகிறோம். அவற்றோடு, அண்டார்டிகா சென்று வந்த நம் நாட்டு ஆய்வாளர் ஒருவரை அழைத்து ஒரு மாலைப்பொழுது பேசச் செய்யலாம். அதற்குக் கம்போங் மேடான், பந்தாய் டாலாம் போன்ற இடங்களின் இடைநிலைப்பள்ளி மாணவர்களையும் அழைத்து முன்வரிசையில் அமரச் செய்யலாம். பேருந்து வாடகைக்கு முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் பொறுப்பு.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் எழுதி முடிக்கிறேன். விடுவார்கள் தம்பி. அந்த நிலத்தின் வாசலில் உன் பெயரையோ உன் தெருவின் பெயரையோ எவரும் கேட்பதில்லை. காலணியைக் கழுவிவிட்டு வா என்றுதான் சொல்வார்கள். அதுவரை போய்ச் சேருவதற்கு ஒன்று பணம் வேண்டும், அல்லது படிப்பு வேண்டும். பணம் நம்மிடம் இப்போதைக்கு இல்லை. வரும் சனிக்கிழமை, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவோம்.